மறுபடியும் முதல் பாடத்திலிருந்தா?

மதிப்பிற்குரிய கல்லூரி, தொழிற்பயிற்சி நிலைய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 16 ஆண்டுகள் பட்டாளத்தில் வயர்லெஸ் கருவிகளைப் பழுதுபார்த்தவன் நான். கொட்டும் மழையில், டார்ச் வெளிச்சத்தில், கையில் இருந்த உதிரிகளை வைத்தே செட்டைப் பேச வைத்திருக்கிறேன். வெளியே வந்ததும் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனேன். என் ராணுவச் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் ஆறு மாதம் சால்டரிங் வைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன். பக்கத்து மேசைப் பையன்களுக்கு அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த ஆறு மாதமும் என் கல்வி உதவிக் கணக்கில் கழிந்தது. இதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும் என்று கேட்கிறேன். முன்னாள் படைவீரருக்கான உதவி அளந்து தரப்படுவது. அமெரிக்காவில் 2009-இல் நடைமுறைக்கு வந்த புதிய ஜி.ஐ. சட்டம், அதாவது படைவீரர்களின் படிப்புக்கு உதவும் சட்டம், பொதுவாக 36 மாதங்களுக்கு உதவி தருகிறது. ஆண்டுக்கு ஒன்பது மாதம் வகுப்பு என்றால், நான்கு ஆண்டுப் பட்டத்துக்குச் சரியாகப் போதும். தெரிந்த பாடத்தையே ஒரு பருவம் மறுபடி படிக்க வைத்தால், கடைசிப் பருவத்துக்கு அவர் கைக்காசைத் தேட வேண்டும். அப்போது அவருக்கு மனைவி, பிள்ளைகள் இருப்பார்கள்.

அதே நாட்டில் ராணுவப் பயிற்சிகளை மதிப்பிட்டு, எதற்கு எத்தனை கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) தரலாம் என்று அமெரிக்கக் கல்விக் குழு பரிந்துரைக்கிறது. ஆனால் அது வெறும் பரிந்துரைதான். ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் விருப்பம். சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் கதவு உங்கள் கையில்தான் இருக்கிறது. 1944-இல் வந்த முதல் ஜி.ஐ. சட்டத்திலேயே இது தெரிந்துவிட்டது. எழுத்தில் எல்லோருக்கும் பொதுவான அந்தச் சட்டம், கறுப்பின வீரர்கள் பலருக்கு நடைமுறையில் எட்டவே இல்லை. நிறையக் கல்லூரிகள் அவர்களைச் சேர்க்கவில்லை.

எங்களைச் சேர்த்தால் தரம் குறையும் என்ற பயமும் அப்போதே இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அதை வெளிப்படையாகவே எழுதினார். 1947-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். தரம் குறையவில்லை, அவர்கள் முனைப்பாகப் படித்தார்கள். அந்தச் சட்டத்தால் கல்வியும் பயிற்சியும் பெற்ற சுமார் 78 லட்சம் பேரில் 22 லட்சம் பேர்தான் கல்லூரிக்குப் போனவர்கள். மற்றவர்கள் தொழில் கற்றார்கள், விவசாயம் கற்றார்கள். அதனால் இந்த மடல் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் சேர்த்துத்தான்.

சும்மா மதிப்பெண் போடுங்கள் என்று கேட்கவில்லை. துறை ஆசிரியர் ஒருவர் எங்களுடன் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். கருவியைக் கொடுத்துச் செய்யச் சொல்லட்டும், கேள்வி கேட்கட்டும். தேறாவிட்டால் அடிப்படை வகுப்புக்கே அனுப்புங்கள், மறுபேச்சுப் பேச மாட்டோம். எங்களுக்கு மறந்துபோனதும் உண்டு. கணக்கு பலருக்கு விட்டுப்போயிருக்கும். அதற்கு மாலையில் ஒரு வகுப்பு இருந்தால் பெரிய உதவி.

அப்புறம், எந்தப் பாடத்துக்கு விலக்கு, எதற்கு இல்லை என்பதைக் கட்டணம் வாங்கும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அடுத்த சேர்க்கைப் படிவத்தில் 'படைப்பணியில் பெற்ற பயிற்சி' என்று ஒரு கட்டம் சேருங்கள். அதை யாராவது ஒருவர் கட்டாயம் படிக்கட்டும்.

அன்புடன்,
ஒரு முன்னாள் படைவீரன்