விதி என்று சொல்லி நின்றுவிடாதவர்களுக்கு

அன்புடையீர்,

என் அப்பா உயிரோடு இருக்கிறார். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) படிகளில் மெல்ல ஏறி இறங்குகிறார். வாசலில் உட்கார்ந்து பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறார். அவரை எங்களிடம் திருப்பித் தந்தவர்களில் பலரை நேரில் கண்டு கைகூப்பிவிட்டோம். சிலரை எங்கே தேடுவதென்று தெரியவில்லை. அவர்கள் கண்ணிலும் படவேண்டும் என்பதற்காக இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஒரு முடக்கு (வளைவு) இருக்கிறது. கடைக்குப் போய்விட்டு வீதியோரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த அப்பா மீது, இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து வந்த வேன் மோதியது. இடது தொடை எலும்பு முறிந்தது. தலையிலும் அடி. அவர் செய்த தவறு ஒன்றுமில்லை. அந்த இடத்தில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். நடப்பவன் ஒதுங்குவதற்கு ஒரு முழ இடம்கூடக் கிடையாது.

முதலில் ஓடி வந்தவர்கள் மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள். கூடைகளை நிரையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அன்றைய நாள் சம்பளத்துக்குப் பேர் விழுமா, கிலோ குறையுமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அப்பாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிடலாம் என்று நான்கு பேர் குனிந்தபோது, "தூக்காதீர்கள், கழுத்து அசையக் கூடாது" என்று தடுத்தவன் எங்கள் டிவிசன் (தோட்டப் பிரிவு) தம்பி ஒருவன். கொழும்பில் வேலை செய்தபோது முதலுதவிப் பயிற்சி பெற்றவன். அப்பாவின் தலைமாட்டில் முழந்தாளிட்டு, இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, அம்பியூலன்ஸ் வரும் வரை அப்படியே இருந்தான். தூறல் விழத் தொடங்கியதும் அந்த அக்காமார் இடுப்பில் கட்டியிருந்த படங்குகளை அவிழ்த்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, அவர்கள் இருவருக்கும் மேலே கூரையாக விரித்தார்கள். நான் பாடசாலையிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது கண்டது அதைத்தான். நீலப் படங்குக்குக் கீழே அப்பாவின் முகத்தில் ஒரு துளி மழை இல்லை. அதைப் பிடித்திருந்தவர்களின் கைகள் தோள்வரை நனைந்து நடுங்கின.

அந்தத் தம்பிக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்தாலும் போதாது. அன்று தூக்கி மடக்கி ஆட்டோவில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வைத்தியசாலையில் கேட்டேன். தொடை எலும்பு முறிந்தால் வெளியில் பெரிய காயம் தெரியாமலேயே உள்ளுக்குள் ஒரு லீட்டருக்கு மேல் இரத்தம் கசியலாம், முறிந்த எலும்பை அசைக்க அசைக்கக் கசிவு கூடும் என்றார் டொக்டர். கழுத்தெலும்பில் முறிவு இருந்திருந்தால் அதைவிட மோசம். நம் தோட்டங்களில் அடிபட்டவரைக் கம்பளியிலோ சாக்கிலோ போட்டு நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. வேறு வழி இல்லாத காலத்தில் அதுவே பெரிய உதவி. இப்போது 1990 என்ற அம்பியூலன்ஸ் அழைப்பு எண் இருக்கிறது.

அந்த 1990 பற்றியும் சொல்லவேண்டும். 2016இல் இந்திய உதவியுடன் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய இலவச அம்பியூலன்ஸ் சேவை அது. மற்ற மாகாணங்களுக்கும் அது விரிவுபடுத்தப்படும் என்று 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் அறிவித்தபோது, அந்தக் கூட்டத்தில் அப்பாவும் நானும் நின்றிருந்தோம். அவருக்காகவே ஒருநாள் அந்த வண்டி வரும் என்று யார் நினைத்தார்கள்? அழைப்பை எடுத்தவர் தமிழில் பேசினார், பதறாமல் இடம் கேட்டார், வண்டி வரும் வரை என்ன செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வந்த இரண்டு இளைஞர்களும் முறிந்த காலுக்கு மட்டை வைத்துக் கட்டிய விதத்தில் இருந்த நிதானம் எங்கள் அத்தனை பேரின் அழுகையையும் நிறுத்தியது. உங்கள் பெயர்களைக் கேட்கத் தவறிவிட்டோம். இதை வாசித்தால் எங்கள் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த நன்றி ஒரு பஸ் சாரதிக்கு. ஹட்டன் பக்கம் போய்க்கொண்டிருந்த பஸ் அது. விபத்தைக் கண்டதும் வளைவுக்கு மேலேயே பஸ்ஸைக் குறுக்காக நிறுத்தி, நான்கு பக்க விளக்குகளையும் ஒளிரவிட்டு, நடத்துனரை மேலும் நூறு யார் தூரம் ஏறி ஓடச் சொல்லியிருக்கிறார். நடத்துனர் தன் சிவப்புத் துவாயை வீசிக்கொண்டே இறங்கிவந்த ஒவ்வொரு வாகனத்தையும் நிறுத்தினார். வளைவுக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று மேலிருந்து வருபவருக்குத் தெரியாது. அந்த பஸ் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் வீதியில் குந்தியிருந்த எத்தனை பேர் மீது இன்னொரு வாகனம் ஏறியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. பயணிகளில் ஒருவர்கூட நேரமாகிறது என்று முணுமுணுக்கவில்லையாம். அவர்களுக்கும் நன்றி.

நுவரெலியாவிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அன்றிரவே மாற்றினார்கள். இறம்பொடை வழியாக இறங்கும் அந்தப் பாதையில் அம்பியூலன்ஸ் ஓட்டிய ஐயா ஒரு குலுக்கலும் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். சத்திரசிகிச்சைக்கு இரத்தம் தேவைப்பட்டது. எங்களிடம் ஒருவரும் பணமோ மாற்று இரத்தமோ கேட்கவில்லை. இந்த நாட்டு இரத்த வங்கி 2014 முதல் முழுக்க முழுக்கத் தொண்டாகக் கொடுப்பவர்களின் இரத்தத்தையே நம்பி இயங்குகிறது. கொடுத்தவர் எந்த ஊரோ, எந்த மொழியோ, எந்த மதமோ. முகம் தெரியாத அந்த மனிதர்களின் இரத்தம் இப்போது என் அப்பாவின் உடம்பில் ஓடுகிறது. இதற்கு நன்றி என்று எழுதும்போதே அந்தச் சொல் போதவில்லை.

கண்டியில் அம்மா தங்குவதற்குத் தங்கள் வீட்டு அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்த முஸ்லிம் குடும்பத்தினர், தங்களுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் அப்பாவிடம் வலியைக் கேட்டுக் கேட்டு மருந்து கொடுத்த சிங்களத் தாதியர், லயத்தில் எங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட அயலவர்கள், என் வகுப்புகளைப் பிரித்து எடுத்துக்கொண்ட சக ஆசிரியர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இயன்மருத்துவர் ஐயாவைத் தனியாகச் சொல்லவேண்டும். அப்பா நடக்கப் பழகத் தொடங்கியபோது அவர் முதலில் கேட்டது, "வீட்டுக்குப் போகும் வழியைப் படம் வரைந்து காட்ட முடியுமா?" என்பதுதான். வீதியிலிருந்து லயத்துக்கு இறங்கும் கற்படிகள், கைப்பிடி இல்லாத வாய்க்கால் பலகை, கழிவறைக்குப் போகும் சரிவு எல்லாவற்றையும் என் கொப்பியின் பின்பக்கத்தில் வரைந்து கொடுத்தேன். ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நொந்த கால் முன்னே என்று அந்தப் படத்தில் விரல் வைத்துக் காட்டியே பழக்கினார். சமதரையில் நடந்து வீடு திரும்பும் நோயாளி அல்ல இவர் என்பதை அவர் கேட்டறிந்துகொண்டதால்தான் அப்பா இன்று படியேறுகிறார். ஆனால் பயிற்சிக்காகக் கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ போய்வரும் பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் இல்லாததால், பாதியில் விட்டுவிட்டு நிரந்தரமாக நொண்டியாகிப்போனவர்களை எங்கள் தோட்டத்திலேயே எனக்குத் தெரியும். விபத்து வீதியில் முடிந்துவிடுவதில்லை. ஒரு வீட்டின் சோற்றுப் பானைக்குள்ளும் பிள்ளையின் படிப்புக்குள்ளும் அது வருடக்கணக்கில் இருக்கிறது.

வேனை ஓட்டி வந்த இளைஞருக்கும் நன்றி சொல்கிறேன். இது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அவர் ஓடிவிடவில்லை. பொலிஸ் வரும் வரை அங்கேயே நின்றார், பிறகு வைத்தியசாலைக்கும் வந்தார். மலைப்பாதை தெரியாத ஊரிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றி வந்தவர். "பிரேக் போய்விட்டது ஐயா" என்று கட்டிலருகே நின்று அழுதார். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்து லொறி ஓட்டியவர். பேசவே சிரமப்பட்ட நிலையிலும் அவரைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "எந்த கியரில் வந்தாய் தம்பி?"

அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அப்பா தெம்பு வந்து சொன்னதை அப்படியே தருகிறேன். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது உரசி உரசிச் சூடேறும். அளவுக்கு மேல் சூடேறினால் பிடிமானம் குறையும், பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி தரைவரை போகும். சாரதிக்கு அது பிரேக் போனது போலத் தெரியும். உண்மையில் மேலே இரண்டு மூன்று மைல் தூரத்திலேயே அது போகத் தொடங்கிவிட்டது. ஆகவே ஏறும்போது எந்த கியர் தேவையோ அந்த கியரிலேயே இறங்கவேண்டும். வண்டியை இஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிரேக் கடைசி நேரத்துக்கு மிச்சமிருக்கும். ஓட்டோ கியர் வாகனமாக இருந்தாலும் 'டி'யில் விடாமல் தாழ்ந்த கியருக்கு மாற்றத்தான் வேண்டும்.

எங்களைத் தேற்ற வந்த பலர் "எல்லாம் விதி, என்ன செய்வது" என்றார்கள். அன்பினால் சொன்னார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் என்னால் ஏற்க முடியவில்லை. சூடேறிய இரும்பும், தவறான கியரும், நடைபாதை இல்லாத வீதியும் விதி அல்ல. எங்களுக்கு அருகிலேயே, 2023 ஜனவரி 20ஆம் திகதி ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதே வருடம் செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர். இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 38,000 வீதி விபத்துகள், 3,000 மரணங்கள், 8,000 படுகாயங்கள் என்று உலக வங்கி 2020இல் கணக்குக் காட்டியது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதியில் இறக்கிறார்கள், 5 முதல் 29 வயதுவரை உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மலேரியாவை இந்த நாடு விதி என்று விட்டுவைக்கவில்லை. நுளம்பைத் தேடித் தேடி அழித்து அந்த நோயை ஒழித்தோம். வீதிச் சாவையும் அப்படி நோயாகப் பார்த்து மருந்து தேட வேண்டும்.

வாகனங்களோ கூடிக்கொண்டே போகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு ஏறும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீதி மட்டும் கோப்பி காலத்திலும் தேயிலை காலத்திலும் வண்டிக்காக வெட்டிய அதே மலைவிளிம்பில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. அதன் ஓரத்தில் லயங்கள், பிள்ளைக் காம்பராக்கள் (குழந்தைகள் காப்பகங்கள்), பாடசாலைகள். வாகனப் புகையும் இரைச்சலும் எங்கள் வீட்டுக் கதவைத் தாண்டி வருகின்றன. மாலையில் காலாற நடந்துவந்த பெரியவர்கள் இப்போது வாசலோடு நின்றுவிடுகிறார்கள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நடக்கச் சொல்லும் டொக்டர்மாரே, எங்கே நடப்பது என்றும் ஒருமுறை எங்கள் சார்பில் அதிகாரிகளிடம் கேளுங்கள்.

இதனால்தான் கடைசி நன்றியை எங்கள் டிவிசன் இளைஞர்களுக்கு வைத்திருக்கிறேன். அவர்கள் விதி என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. வளைவை மறைத்திருந்த மானாப்புல்லை வெட்டினார்கள், ஓரக் கற்களுக்கு வெள்ளை அடித்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் நடந்தார்கள். வளைவில் குவிவாடி ஒன்று வந்திருக்கிறது. வந்து அளந்து ஆவன செய்த உத்தியோகத்தர்களுக்கு நன்றி. நடைபாதையும் பாதுகாப்பு வேலியும் இன்னும் வரவில்லை. பாடசாலைப் படலை திறப்பதே வீதிக்குள்தான். அதை மறந்துவிட வேண்டாம் என்று அவர்களைப் பணிவோடும் அழுத்தமாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் எங்கள் சித்திர ஆசிரியர் எழுதிக் கொடுத்த பலகையும் நிற்கிறது. "ஏறிய கியரிலேயே இறங்குங்கள்" என்று தமிழிலும் சிங்களத்திலும். வாசகம் அப்பாவுடையது. அந்தப் பலகைக்குச் சேர்த்த பணத்தில் மீதி இருக்கிறது. இதேபோல் இறக்கமுள்ள தோட்டங்கள் கேட்டால் எழுதித் தருவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். கோவில் மண்டபத்தில் இரத்ததான முகாம் நடத்தவும் இளைஞர்கள் இரத்த வங்கியுடன் பேசிவருகிறார்கள். 18 வயது நிறைந்து, 60 தாண்டாத, 50 கிலோவுக்குக் குறையாத, நலமாக உள்ள எவரும் வரலாம். முதல் ஆளாக நான் படுப்பேன்.

சிவப்புத் துவாய் வீசிய நடத்துனர் தம்பிக்கும் அந்த சாரதி அண்ணனுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களை எங்களுக்குத் தெரியாது, எங்கள் வளைவு உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை அந்த வழியாக வரும்போது கடையில் சொல்லி அனுப்புங்கள். அப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

என்றும் நன்றியுடன்,
அப்பாவின் மகளும் குடும்பத்தாரும்