புயல் பாதுகாப்பு மையத்துக்கு ஒரு சாவி கேட்டு

மாவட்ட நிர்வாகத்தில் பேரிடர் மேலாண்மையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் டெல்டா கடற்கரையில் ஒரு கிராமத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து உங்களுக்கு வரும் மனுக்களில் பாதி என் கடையில் அடித்தவைதான். எப்படி எழுதினால் எந்த மேஜையில் போய்த் தூங்கும் என்று ஓரளவு தெரிந்துவிட்டதால், இதை மனுவாக அனுப்பாமல் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சொன்னால் கோபம் மேலேயிருந்து உருண்டு வந்து கடைசியில் எங்கள் கிராம உதவியாளர் தலையில் விழும். அன்றிரவு எங்களோடு சேர்ந்து நனைந்த மனிதர் அவர்.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். தாழ்வு மண்டலம் புயலாகலாம் என்று மதியமே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனீர்கள். குடிசையிலும் ஓட்டு வீட்டிலும் இருப்பவர்கள் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட வேண்டும் என்றீர்கள். போனோம். கஜாவுக்கு முன்பு மைக் சத்தம் கேட்டால் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிற ஊர் இது. இப்போது ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுகிறோம். நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

ஆறேகாலுக்கு அறுபது பேருக்கு மேல் அங்கே நின்றோம். மையம் பூட்டியிருந்தது. சாவி இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி தாலுகா தலைநகரில், வேறொரு முகாமுக்கு அனுப்பப்பட்ட ஊழியர் ஒருவரின் பையில் இருந்தது. அவர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது ஐம்பது. வழியில் மரம் விழுந்து கிடந்ததாம். அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். புயல் நாளில் சாவியை இருபத்திரண்டு கிலோமீட்டர் தாண்டி வைத்தால் வழியில் மரம் விழத்தான் செய்யும்.

அந்தக் கட்டடம் வெள்ளம் ஏறாதபடி தூண்கள் மேல் நிற்பது. கீழே சுவர் கிடையாது. ஆகவே சாரல் நாலு பக்கமும் அடிக்க, தூண்களுக்கு நடுவில் நின்றோம். என் பக்கத்து வீட்டுக்காரரின் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி வந்திருந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து நடக்க முடியாதவர். ஐம்பத்திரண்டாம் வருசப் புயலைச் சின்னப் பெண்ணாகப் பார்த்தவர். எட்டு மணி வாக்கில் அவர் மகளிடம் ஏதோ முணுமுணுத்தார். கழிவறை மாடியில், பூட்டுக்கு அந்தப் பக்கம். பெண்கள் எழுந்து, தரையில் விரிக்கக் கொண்டுவந்த தார்ப்பாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். காற்று அதை இரண்டு முறை பிடுங்கிக்கொண்டு போனது. தெருவே நிற்கிற இடத்தில். நாங்கள் ஆம்பிளைகள் இருட்டில் கடல் பக்கம் திரும்பி நின்றோம். நாற்காலியில் திரும்ப உட்கார்ந்ததும் அந்தம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வூட்டுக்கே தூக்கிட்டுப் போயிருங்கடா. அங்க ஒழுவுனாலும் நம்ம வூட்டு ஒழுக்கு."

பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. உங்களில் யாருக்காவது வந்தால் எழுதுங்கள், அவரிடம் படித்துக் காட்டுகிறேன்.

கதவு திறந்த பிறகு பார்த்ததைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கூடத்தில் பாதியை, எந்தப் பள்ளிக்குப் போக வேண்டியவையோ, சைக்கிள்கள் அடைத்துக்கொண்டிருந்தன. தொட்டியில் தண்ணீர் இல்லை. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. இதெல்லாம் ஒரு நாள் வேலை. நான் கேட்பது ஒரு நிமிட வேலை: மையத்தின் சாவி ஒன்றை எங்கள் ஊரில் வையுங்கள்.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை இருட்டில் கஜா கரையேறியது நினைவிருக்கும். முதலில் வாடை. வடக்கேயிருந்து வந்த காற்றில் கூரைகள் போயின. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. புயல் கண் எங்களைக் கடக்கிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? விட்டுவிட்டது என்று வெளியே வந்தவர்கள் உண்டு. அடுத்தது தெற்கேயிருந்து அடித்தது. வடக்குக் காற்றுக்குத் தாக்குப்பிடித்துச் சாய்ந்து நின்ற தென்னைகள் அதில் விழுந்தன. அந்த இடைவெளியில் எங்கள் தெருவில் நாற்பத்து மூன்று பேர் ஓடிப்போய் ஏறிய இடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் இரண்டு அறை மாடி வீடு. அவருக்கும் எங்களில் பலருக்கும் வரப்புத் தகராறு இருந்தது. கதவை அவர் திறந்தே வைத்திருந்தார். மறுநாள் அவர் வீட்டு அரிசியைத்தான் பொங்கித் தின்றோம்.

நிவாரண லாரிகள் தார்ச்சாலையோடு நின்றன. உள்ளூர்ப் பையன்கள் அரிவாளும் கைவாளுமாக நாலு நாள் மரம் வெட்டி வழி எடுத்தார்கள். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வெளி மாநிலங்களிலிருந்து கம்பம் நட வந்த மின் ஊழியர்களுக்கு, தன் கூரையில் படுதா கட்டியிருந்த வீடுகளிலிருந்து சோறு போனது. இத்தனையும் செய்த ஊரை நம்பி ஒரு சாவியைக் கொடுக்க மாட்டீர்களா என்பதுதான் என் கேள்வி.

"சொத்துக்கு யார் பொறுப்பு?" என்று கேட்பீர்கள். ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலில் அங்கே ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் வந்தபோது பலி ஐம்பதைத் தொடவில்லை. வானிலைக் கணிப்பு, லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியது என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, அங்கே பாதுகாப்பு மையங்களைக் கிராமக் குழுக்களே பராமரிக்கின்றன, ஊர் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுக்கிறார்கள். இங்கேயும் முதல்நிலை மீட்பாளர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார்கள். அதில் எங்கள் ஊருக்கு முதலாவதாக இருக்கும் பையன் மூன்று வருசமாகச் சிங்கப்பூரில் இருக்கிறான். அடுத்த பெயருக்குரியவர் காலமாகிவிட்டார். மீட்கட்டும்.

கஜாவில் விழுந்த தென்னைக்கு, வெட்டி அப்புறப்படுத்தும் கூலியும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தது அரசு. நட்ட பிள்ளை காய்ப்புக்கு வர ஐந்து வருசத்துக்கு மேல் ஆகும், அந்த வருசங்களை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள் என்று அப்போதே ஒரு மனு அடித்தேன். இந்த முறையும் ஆய்வுக் கூட்டப் படம் பத்திரிகையில் வந்தது. பாட்டில் தண்ணீர், முந்திரிப் பருப்பு, "அனைத்து முன்னெச்சரிக்கைகளும் தயார்". பூட்டும் தயார்தான் ஐயா, நல்ல கெட்டிப் பூட்டு.

மன்னிக்கவும். மரியாதையாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தவன் பாதை மாறிவிட்டேன். சாவிக்கே வருகிறேன்.

எங்கள் ஊர்க் கோயில் சாவி ஊரில்தான் இருக்கிறது. பால் சொசைட்டி சாவி, அங்கன்வாடி சாவி, தண்ணீர்த் தொட்டி மோட்டார் ரூம் சாவி, எல்லாம் ஊரில்தான். ஒன்றும் களவு போகவில்லை. அங்கன்வாடி அம்மா இருபது வருசமாக ஊருக்குள்ளேயே குடியிருப்பவர். அவரிடம் ஒன்று, கிராம உதவியாளரிடம் ஒன்று. வேண்டுமானால் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், மாதம் ஒரு முறை வந்து சைக்கிள்களை எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் பூட்டு உங்களுடையதாகவே இருக்கட்டும். சாவி மட்டும் எங்களோடு இருக்கட்டும்.

இந்த முறை புயல் வலுவிழந்து மழையாகப் போனது. கார்த்திகை முழுசாகக் கிடக்கிறது. அடுத்த முறை மைக் ஆட்டோ வரும்போது அந்தம்மாவை நாற்காலியில் ஏற்ற வேண்டும். வர மாட்டேன் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். சாவி ஊரில் இருக்கிறது என்று சொன்னால் வருவார் என்கிறார் மகள்.

மாற்றுச் சாவி வெட்டுவதற்கு நிதி ஒதுக்கீடு இல்லையென்றால் தெரிவிக்கவும். பஸ் ஸ்டாண்டில் ஐம்பது ரூபாய்க்கு வெட்டித் தருகிறார்கள். இரண்டுக்கும் என் கடையிலிருந்தே கொடுத்துவிடுகிறேன். ரசீது வேண்டாம்.

பணிவுடன்,
ஜெராக்ஸ் கடைக்காரன்