கீதையை டீமுக்கு வாசிக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மேனேஜர் ஆனதற்கு வாழ்த்துகள். ஊழியர்கள் எவ்வளவு ஈடுபாட்டோடு வேலை செய்கிறார்கள் என்று கேட்கும் என்கேஜ்மென்ட் சர்வேயில் உன் டீமின் மதிப்பெண் சரிந்துவிட்டது, அதைத் தூக்கி நிறுத்த வாரம் ஒரு கீதை ஸ்லோகம் சொல்லப் போகிறேன், நல்லதாக ஐந்து எடுத்துக் கொடு அக்கா என்று எழுதியிருக்கிறாய். முதலாவதை நீயே முடிவு செய்துவிட்டாய். எல்லாரும் எடுப்பதுதான்: 'கடமையைச் செய், பலனை எதிர்பாராதே.'

தயவுசெய்து அதைச் சொல்லிவிடாதே. ஸ்லைடில் அந்த வரி வந்ததும் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். மைக் எல்லாம் மியூட்டில் இருக்கும். நீ இல்லாத வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் அடுத்த நிமிடம் ஒரு மீம் வந்து விழும். இன்கிரிமென்ட் தள்ளிப்போகும் வருஷத்தில்தான் மேலதிகாரிகளுக்கு இந்த ஸ்லோகம் ஞாபகம் வரும் என்பது வேலை பார்க்கும் எல்லாருக்கும் தெரிந்த கதை.

அந்த ஸ்லோகம் இரண்டாம் அத்தியாயத்தில் 47ஆவது. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் சொன்னது யார் என்று பார். மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணனே சொல்கிறான்: மூன்று உலகத்திலும் நான் அடைய வேண்டியது எதுவும் இல்லை, அப்படியும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறேன். போரில் ஜெயித்தால் ராஜ்ஜியம் பாண்டவர்களுக்கு. கண்ணனுக்கு அதில் ஒரு பிடி மண்கூட வராது. பலனை விடு என்று சொல்லும் தகுதி அங்கிருந்து வருகிறது. உன் நிலைமை அப்படியா? டீம் டார்கெட்டைத் தொட்டால் உனக்கு போனஸ் உண்டு. பலன் யாருக்குப் போகிறதோ அவரே மற்றவர்களைப் பார்த்துப் பலனை மறந்துவிடு என்றால், அதைக் கர்மயோகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. அதே மூன்றாம் அத்தியாயத்தில் வேள்வியைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. தேவர்களும் மனிதர்களும் ஒருவரை ஒருவர் பேணி வளருங்கள் என்கிறது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் அனுபவிக்கிறவன் திருடன் என்கிறது. திருடன் என்ற சொல் அப்படியே இருக்கிறது, நான் காரம் சேர்க்கவில்லை. அது மனிதனுக்கும் தேவர்களுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல்தான். ஆனாலும் கம்பெனிக்கும் ஊழியருக்கும் வைத்துப் பார்த்தால் சுருக்கென்று தைக்கும். 47ஐ மேற்கோள் காட்டும் எத்தனையோ பேர் இந்த இடத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

அப்புறம் கீதையை எதற்கு எடுப்பது என்று கேட்பாய். எடு, ஆனால் உனக்காக எடு. கண்ணன் என்ன சொன்னான் என்பதைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, எப்படி நடந்துகொண்டான் என்று பார். கையில் வில்லைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்ட ஒருத்தனை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தான்?

முதலில், பேசவிட்டான். முதல் அத்தியாயம் முழுக்கத் தேடினாலும் கண்ணன் பேசுவது ஒரே ஒரு வரி: 'பார்த்தா, கூடி நிற்கும் இந்தக் கௌரவர்களைப் பார்.' மீதி நேரம் அர்ஜுனன் புலம்புகிறான். உடம்பு நடுங்குகிறது, வாய் உலர்கிறது, காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது, தோல் எரிகிறது என்று அடுக்குகிறான். குலநாசம், பாவம் என்று நீளமாகப் போகிறது. கண்ணன் குறுக்கே வரவில்லை. ஒன் டு ஒன் மீட்டிங்கில் லேப்டாப்பை மூடாமல், ஒரு கண்ணை நோட்டிஃபிகேஷனில் வைத்துக்கொண்டு, மூன்றாவது நிமிடத்தில் 'புரியுது, இதுக்கு என்ன பண்ணலாம்னா...' என்று ஆரம்பிக்கும் நமக்கு இந்த அத்தியாயம் ஒன்றே போதும். சொல்லப்போனால் பதினெட்டில் அதிகம் பேர் வேகமாகத் தாண்டிப்போவதும் இதைத்தான்.

இரண்டாம் அத்தியாயத் தொடக்கம் இன்னும் சுவாரசியம். கண்ணன் முதலில் ஒரு மோட்டிவேஷன் பேச்சுதான் பேசுகிறான். இந்தக் கோழைத்தனம் உனக்குத் தகாது, மனத் தளர்ச்சியை உதறிவிட்டு எழுந்திரு என்று இரண்டே ஸ்லோகம். வேலைக்கு ஆகவில்லை. பீஷ்மரையும் துரோணரையும் நான் எப்படி அடிப்பேன் என்று அர்ஜுனன் மறுபடி ஆரம்பிக்கிறான். எது நல்லது என்று நீயே சொல், நான் உன் சீடன் என்கிறான். அதைச் சொன்ன கையோடு, போர் செய்ய மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். அதற்குப் பிறகுதான் உபதேசம் தொடங்குகிறது, அதுவும் சிரித்த முகத்தோடு. அவன் கேட்டான், இவன் சொன்னான். உன் டீமில் யாராவது உன்னிடம் வந்து உபதேசம் கேட்டார்களா?

வில்லியம் கான் என்ற ஆய்வாளர் 1990இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த என்கேஜ்மென்ட் பேச்சே பெரிதாகக் கிளம்பியது. ஒரு கோடைக்கால முகாமிலும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்திலும் வேலை செய்தவர்களைப் பார்த்து எழுதினார். ஒருவர் தன்னை முழுசாக வேலையில் போடுவதற்கு மூன்று வேண்டும் என்றார்: வேலையில் அர்த்தம், மனசில் பட்டதைக் காட்டினால் அடி விழாது என்ற தைரியம், அதற்கு உடம்பிலும் மனசிலும் மிச்சமிருக்கும் தெம்பு. இரண்டாவதற்குக் கீதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மூன்றாம் அத்தியாயம் திறந்ததும் அர்ஜுனன் கேட்கிறான்: அறிவுதான் உசத்தி என்றால் என்னை ஏன் இந்தக் கோரமான காரியத்தில் இறக்குகிறாய்? மாற்றி மாற்றிப் பேசி என்னைக் குழப்புகிறாய், ஏதாவது ஒன்றைச் சொல். பகவானைப் பார்த்து, நீ குழப்புகிறாய் என்கிறான்! ஐந்தாம் அத்தியாயத்தில் கிட்டத்தட்ட இதே கேள்வியோடு மறுபடியும் வருகிறான். கண்ணன் கோபப்படவில்லை, 'அதான் போன மீட்டிங்கிலேயே சொன்னேனே' என்றும் சொல்லவில்லை. திரும்பவும் விளக்குகிறான். உன் டீமில் கடைசியாக உன்னிடம் 'நீங்க சொல்றது குழப்பமா இருக்கு' என்று சொன்னவர் யார்? அதற்கப்புறம் அவர் எப்படி நடத்தப்பட்டார்? உன் சர்வே கேட்க வேண்டியதெல்லாம் இதைத்தான் என்பேன்.

கடைசியில், எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கண்ணன் 'யதேச்சஸி ததா குரு' என்கிறான். நன்றாக யோசித்துப் பார், பிறகு உன் விருப்பம் போலச் செய். இதற்கு அடுத்தே 'என்னைச் சரணடை' என்று வருகிறதே என்று பக்தி வழியில் நிற்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். முடிவை அர்ஜுனன் கையில் கொடுத்ததும் அதே வாய்தான்.

ஒருவரிடம் கொடுத்த வேலையில் தலையிடாமல் விலகி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் பாரதத்திலேயே சாட்சி இருக்கிறது. ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று சொல்லித்தான் கண்ணன் தேரோட்ட வந்தான். பீஷ்மரோடு அர்ஜுனன் மனசில்லாமல் சண்டை போடுவதைப் பார்த்ததும் பொறுக்க முடியவில்லை, சக்கரத்தோடு தேரிலிருந்து குதித்துவிட்டான். அர்ஜுனன் ஓடிப்போய்க் காலைக் கட்டிப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. ஜூனியர் தடுமாறும்போது அவன் ஃபைலை நீயே பிடுங்கி இரவோடு இரவாக முடிக்கத் தோன்றும். கண்ணனுக்கே தோன்றியிருக்கிறது, உனக்குத் தோன்றினால் ஆச்சரியம் இல்லை. 'இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்' என்ற குறளில், ஆய்வது நமக்கு நன்றாகவே வரும். கடைசிச் சொல்லில்தான் தடுக்கி விழுவோம்.

கீதையை உனக்காக எடு என்றேன் இல்லையா, அந்த 47ஆம் ஸ்லோகத்துக்கு உடனே வேலை இருக்கிறது. அந்த சர்வே மதிப்பெண்ணும் பலன்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தால், ஆட்களோடு நீ பேசும் ஒவ்வொரு பேச்சும் மதிப்பெண்ணுக்காகப் பேசுவதாகவே ஆகிவிடும். அவர்களுக்கும் அது தெரிந்துவிடும். ரொம்ப மனசு உடைந்து போகாதே, கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனத்தின் கணக்கில் 2024இல் உலகம் முழுக்கவே 21 சதவீத ஊழியர்கள்தான் ஈடுபாட்டோடு வேலை செய்தார்கள்.

உன் டீமில் வேறு மதத்தவர் இருப்பார்கள், சாமியே இல்லை என்பவரும் இருப்பார். மேலதிகாரி ஸ்லோகம் சொன்னால் தலையாட்டத்தான் வேண்டும், அதில் அவர்களுக்கு வேறு வழி கிடையாது. வேலையில் ஈடுபட்டிருப்பவர்களின் புத்தியைக் கலைக்காதே, நீ ஒழுங்காகச் செய்து அவர்களையும் செய்ய வை என்று கீதையே ஓரிடத்தில் சொல்கிறது. ஸ்லைடு தேவைப்படாத முறை இது.

சரி, அப்ரைசல் வருகிறது. அதற்கு மட்டும் ஓர் இடத்தைக் காட்டுகிறேன். பதினெட்டாம் அத்தியாயம், 14ஆவது ஸ்லோகம். எந்தக் காரியத்துக்கும் காரணங்கள் ஐந்து: நிலைக்களம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாக தெய்வம். அப்படியிருக்க, தன்னை மட்டுமே செய்பவனாகப் பார்க்கிறவன் சரியாகப் பார்க்கவில்லை என்று இரண்டு ஸ்லோகம் தள்ளி வருகிறது. ஜெயித்த பிராஜெக்டில் நம் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளும்போது இதை நினைக்கலாம். டார்கெட் தவறியபோது இன்னும் அதிகமாக நினைக்க வேண்டும். படிவத்தில் நாம் மார்க் போடுவது ஐந்தில் ஒன்றுக்கு, செய்பவனுக்கு. அவனுக்குக் கொடுத்த சிஸ்டம் எப்படி இருந்தது, நடுவில் எத்தனை முறை வேலையை மாற்றிக் கொடுத்தோம், கூட இருந்த இரண்டு பேரைப் பாதியில் யார் இழுத்துக்கொண்டது என்பதற்கெல்லாம் அதில் கட்டமே கிடையாது. பேனாவை எடுப்பதற்கு முன்னால் இன்பாக்ஸைத் திறந்து அவன் பெயரைத் தேடு. அப்ரூவல் கேட்டு அவன் அனுப்பியதில் எத்தனை மெயில் உன்னிடம் பதில் இல்லாமல் கிடக்கிறது என்று எண்ணிவிட்டு, பிறகு மார்க் போடு.

அன்புடன்,
அக்கா