பிரஷரின் கீழ் அளவு ஏறினால் தைராய்டையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைராய்டு என்றாலே உடம்பு பருப்பதும் முடி கொட்டுவதும்தான் பேச்சாக இருக்கிறது. ரத்தக் குழாயிலும் மூளையிலும் அது பார்க்கும் வேலையை யாரும் பேசுவதில்லை. பிரஷருக்கும் மறதிக்கும் மாத்திரை வாங்கும் பெரியவர்களில் சிலருக்குக் குறை கழுத்துச் சுரப்பியில் இருப்பது இதனால் தெரியாமலே போகிறது.

ரத்தக் குழாயின் சுவரில் தசை அடுக்கு ஒன்று உண்டு. டி3 என்னும் தைராய்டு ஹார்மோன் அதைத் தளர்வாக வைத்திருக்கிறது. குழாயின் உள்படலத்தில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கவும் துணை நிற்கிறது. ஹார்மோன் குறைந்தால் குழாய் இறுகும், இதயமும் மெதுவாக அடிக்கும். அப்போது ரத்த அழுத்தத்தின் மேல் அளவு அதிகம் ஏறாது. கீழ் அளவுதான் ஏறும். சீட்டில் 130/100 என்பதுபோல இரண்டு எண்ணும் நெருங்கி, நாடியும் 60-ஐ ஒட்டி இருந்தால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சின் அளவைப் பார்த்துவிட்டு பிரஷர் மருந்தைக் கூட்டுவதே முறை. கொழுப்பும் இப்படித்தான். எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் இழுத்துக்கொள்ள உதவும் ஏற்பிகள் குறைந்துபோவதால் அது ரத்தத்திலேயே தங்குகிறது. தைராய்டைக் கவனிக்காமல் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை மட்டும் கொடுத்தால் தசைவலி வரும் வாய்ப்பு கூடும்.

மூளை தனக்கு வேண்டிய டி3-இல் பெரும்பகுதியை, ரத்தத்தில் வரும் டி4 (தைராக்சின்) என்னும் தைராய்டு ஹார்மோனைக் கொண்டு தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த வரத்து குறைந்தால் மறதியைவிட மந்தம்தான் முன்னால் நிற்கும். பேரன் பெயரைக் கேட்டால் சரியாகவே சொல்வார், சொல்லத்தான் நேரமாகும். குரல் கரகரக்கும். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைச் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளிவிட்டு மெல்ல மெல்லத்தான் பழைய நிலைக்கு வரும். டிமென்ஷியா என்னும் மறதி நோய் என்று முடிவுகட்டும் முன் டிஎஸ்எச், வைட்டமின் பி12 இரண்டையும் பார்த்தாக வேண்டும். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் இருந்தால் தைராக்சின் மாத்திரை அதைத் தீர்க்காது. தைராய்டால் வந்த மந்தம் சில மாதங்களில் விலகும்.

கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கு முதல் பாதிக் காலத்தில் தாயின் ஹார்மோனே ஆதாரம். ஏற்கெனவே தைராக்சின் மாத்திரை எடுப்பவர், கர்ப்பம் உறுதியானதுமே மருத்துவரைக் கேட்டு அளவைக் கூட்ட வேண்டும். வழக்கமாக வாரத்துக்கு 7 மாத்திரை என்பது 9 ஆகும்.

இளைப்பதற்காக மாத்திரையைத் தாமாகக் கூட்டிக்கொள்வது மிக ஆபத்தானது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாமில் 60 வயது கடந்தவர்களைப் பத்தாண்டு கவனித்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், டிஎஸ்எச் 0.1 அல்லது அதற்கும் கீழே இருந்தவர்களில் (தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் டிஎஸ்எச் இறங்கும்) 100-க்கு 28 பேருக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தது. சரியான அளவில் இருந்தவர்களில் 11 பேருக்கு. அந்தத் துடிப்பில் இதயத்துக்குள் உறையும் ரத்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. சேர்த்துப் போட்டால் தைராக்சின் அவற்றோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் ஏறாமலே வெளியேறும். 100 மாத்திரை புட்டியை அடுப்பங்கரை அலமாரியில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்தே மறு பரிசோதனை; ரத்தத்தில் தைராக்சின் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால் அவசரப்பட்டுப் பார்க்கும் எண் ஏமாற்றும்.

முடிக்காகப் பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு 2 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும்; அதை நம்பி, சரியாக இருக்கும் மருந்தைக் குறைத்துவிட நேரும்.

இப்படிக்கு,
நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவர்,
தஞ்சாவூர்