கதியாலும் காணியும்

மச்சான்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. ஜெர்மனியில் உன் வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் நிற்கிற சோளனில் ஒரு பொத்திகூட யாரும் தின்பதற்கில்லை, அப்படியே வெட்டி நொதிக்கவிட்டு வாயு எடுத்து மின்சாரமாக்குகிறார்கள் என்று நீ எழுதியதை மனுசிக்கு வாசித்துக் காட்டினேன். "ஆட்டுக்காவது போடலாமே" என்றாள்.

2012இல் புதிய வாயு நிலையங்களில் 60 வீதத்துக்கு மேல் சோளன் போடக்கூடாதென்று உங்கள் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்ததாம். அதற்குள் பல இடங்களில் புல்வெளியை உழுதாயிற்றே. எனக்கு அதைவிட நெஞ்சில் நின்றது ஆள்காட்டிக் குருவியின் கதை. உங்கள் ஊர் ஆள்காட்டியும் நம்முடையதைப் போல வெறுந்தரையில்தான் முட்டையிடும். சோளன் பிந்தி விதைக்கிற பயிர், ஏப்ரல் கடைசி வரை தரை சும்மா கிடக்கும், அதை நம்பி இட்ட முட்டைக்கு மேலேதான் உழவு மெசின் ஏறுகிறது.

நம் பக்கமும் இப்படி எரிக்கப் பயிர் வைக்கிறது வருமா என்று கேட்டாய். வந்துவிட்டது, ஆனால் சோளனாக இல்லை, கிளிரிசிடியா என்கிற சீமைக்கிளுவையாக. நாம் வேலிக்கு ஊன்றுகிற அதே கதியால்தான், மச்சான். 2005இல் அரசு அதைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக்கியது உனக்கு நினைவிருக்காது. கொதிகலனுக்கு நல்ல விறகு, வெட்ட வெட்டத் தளிர்க்கும்.

போன மாதம் ஒருவர் வந்து மூதூர்ப் பக்கம் அப்பாவின் மேட்டுக்காணியைக் குத்தகைக்குக் கேட்டார். "சும்மா கிடக்கிற காணிதானே, துப்புரவாக்கி வரிசையாக நட்டுவிடுகிறோம்" என்றார். எனக்கு ஏறிவிட்டது. சும்மாவா கிடக்கிறது? பாலையும் வீரையும் அங்கேதான் நிற்கின்றன, சூரைமுள் கிழித்த தழும்பு உன் முழங்காலில் இன்னும் இருக்கும். பெரும்போகத்தில் வயலெல்லாம் விதைத்த பிறகு பட்டி மாடுகள் ஒதுங்க இருக்கிறதே இந்தப் பற்றைகள்தான். அதை வெளியாக்கினால் மாடு பயிருக்குள் இறங்கும், அப்புறம் வெள்ளாமைக்காரனும் மாட்டுக்காரனும் வெட்டுக்குத்துப்படுவார்கள். யானையும் தன் வழி இல்லாமற் போனால் குடிமனைக்குள்தான் வரும்.

சீமைக்கிளுவை கெட்ட மரமென்று நான் சொல்லவில்லை. குழை ஆட்டுக்கு, மிஞ்சினது வயலுக்குப் பசளை, வேரோ காற்றிலிருக்கிற நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிறது. வேலியிலும் தென்னைக்கு இடையிலும் நட்டு, கவ்வாத்துப் பண்ணுகிற தடியை விற்றால் யாருக்கும் நட்டமில்லை. அதையே அவரிடம் சொன்னேன். அது கட்டாதாம், ஒரே இடத்தில் ஏக்கர் கணக்காக வேண்டுமாம். வேண்டும்தான், விழுகிற வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூட விறகாகத் தேறாது, சூரியத் தகடு 20 பங்கு அளவில் பிடிக்கும். அதற்காகச் சம்பூரில் தகடு வைக்கக் காணி எடுத்தால் மாட்டுக்காரர் சந்தோசப்படுவார்கள் என்று நினைத்துவிடாதே, அது வேறு கதை.

காணியைக் கொடுக்கவில்லை. தம்பிக்கு என்மேல் கோபம், அவன் பங்கும் அதில் இருக்கிறதே, இரண்டு கிழமையாகப் போன் எடுக்கவில்லை. மழை விழுந்ததும் வேலிக்கு மட்டும் இருநூறு கதியால் ஊன்ற ஆள் சொல்லியிருக்கிறேன். ஆனியில் லீவு கிடைத்தால் வா, பாலைப்பழம் பழுத்திருக்கும்.

அன்புடன்,
உன் மச்சான்