விளம்பரங்களில் தமிழ் எழுத்துக்குக் கடைசி இடம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விளம்பர வடிவமைப்பில் இன்றைய போக்குகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தீப்பெட்டி லேபிள், சினிமா பேனர், சிவகாசி காலண்டர் ஆகியவற்றின் பழைய பாணி திரும்ப வந்திருப்பதையும், செயற்கை நுண்ணறிவு போட்டுக் கொடுக்கும் படங்கள் பெருகிவிட்டதையும் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருக்கிறார். நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறார், படத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துப் பிழைப்பவன் என்ற முறையில், விடுபட்ட அந்த விஷயத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் கைக்கு வரும் பெரிய நிறுவன விளம்பரங்கள் அநேகமாக வெளியூரில், ஆங்கிலத்தில் முடிவானவை. படம், நிறம், இடைவெளி எல்லாம் ஆங்கில வாசகத்தை வைத்துக் கணக்குப் போட்டவை. தமிழ் வாசகம் கடைசி நாளில் வரும். ஆங்கிலம் இருந்த அதே கட்டத்துக்குள் அதை அடைக்கச் சொல்வார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அடங்காது. உடனே எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவார்கள். வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்கு விட்ட இடத்தையே விட்டால், மேல் வரியிலுள்ள ‘பூ’வின் வாலும் கீழ் வரியிலுள்ள ‘தீ’யின் சுழியும் முட்டிக்கொள்ளும். தடித்த எழுத்தே இல்லாத எழுத்துருவில் போல்டு பொத்தானை அழுத்தினால் ‘ண’வின் சுழிகள் அடைத்துப் போகும். எழுத்துக்கு எழுத்து தள்ளி வைத்தால் அழகு என்று நினைத்துத் தள்ளுவார்கள். ‘கோ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ‘க’ அநாதையாக நிற்கும்.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை மாற்றாமல் யூனிகோடு தமிழை ஒட்டினால், முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். அமைப்பை ஒருமுறை மாற்றினால் சரியாகிவிடும். ஆனாலும் அப்படியே அச்சாகி, நான்கு வழிச்சாலை ஓரம் ஒரு ‘வெ’ ஆள் உயரத்துக்கு உடைந்து நின்றதைப் பார்த்தேன். மாதக்கணக்கில் நின்றது. அந்தப் படத்தை எடுக்க எவ்வளவோ செலவழித்தவர்கள், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அதை ஒருமுறை காட்டவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சுவர் விளம்பரம் எழுதும் ஆர்ட்டிஸ்ட்களிடம் இந்தத் தவறு நடக்காது. வெள்ளையடித்த சுவரில் நீலப்பொடி தேய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்கள், கோடு விழும். சாக்பீஸால் எழுத்தின் உருவத்தை மட்டும் லேசாகப் போட்டுவிட்டு, ஆர்ட்டிஸ்ட் ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்ப்பார். ‘ழ’வின் கால் எங்கே இறங்குகிறது என்று பார்த்துத்தான் அடுத்த வரியை எங்கே தொடங்குவது என்று முடிவு செய்வார். சுவரில் தண்ணீர்க் குழாய் போனால் அதற்கு வழிவிட்டு எழுத்தை வளைப்பார். பிறகுதான் பட்டை பிரஷ்ஷில் எனாமல் பெயின்ட், அது காய்ந்ததும் ஒரு பக்கமாக ஷேடு. ஓடும் பஸ்ஸின் ஜன்னலோரம் இருப்பவர் ஒரே பார்வையில் படித்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த பரீட்சை. ஓரத்தில் சின்னதாக ‘இன்னார் ஆர்ட்ஸ்’ என்று கையெழுத்தும் இருக்கும். பிளெக்ஸ் வந்த பிறகு இவர்களில் பெரும்பாலோர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

பத்திரிகையிலும் எழுத்துக்கு மரியாதை இருந்தது. தொடர்கதைக்குத் தொடர்கதை தலைப்பை ஓவியரே எழுதுவார். பயமுறுத்தும் கதைக்கு ஒரு எழுத்து, குடும்பக் கதைக்கு ஒரு எழுத்து. அந்த உலகத்திலிருந்து விளம்பரத் துறைக்கு வந்த ஓவியர் கோபுலு, 1972இல் ஆட்வேவ் என்று சொந்தமாகவே நிறுவனம் தொடங்கினார். ஓவியர் ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிய எழுத்துகளில் தூரிகையின் முரட்டுத்தனம் அப்படியே தெரியும். அட்டையில் வேறு படமே வேண்டியிருக்காது. வடிவமைப்புக்கு உந்துதல் தேடும் இளைஞர்கள் இரவெல்லாம் வெளிநாட்டுத் தளங்களைப் புரட்டுகிறார்கள். புரட்டட்டும். ஆனால் இவற்றை யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லையே!

அதனால்தான் இன்றைய ‘ரெட்ரோ’ விளம்பரங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. படத்தில் பழைய வாசனை இருக்கிறது, எழுத்து கணினியோடு வந்த எழுத்தாகவே இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘லை’, ‘னை’ எல்லாம் இன்றைய தனிக் கொம்புக்குப் பதிலாக, எழுத்தோடு ஒட்டிய யானைத் துதிக்கை போன்ற வளைவை வைத்து எழுதப்பட்டவை. பழைய தகரப் போர்டுகளில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். அந்தத் துதிக்கையை ஒரு தலைப்பில் சரியான இடத்தில் வைத்தாலே காலம் தெரிந்துவிடும், மங்கின நிறமும் கிழிந்த காகிதமும் தேவைப்படாது. செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எங்கள் ஊர்த் திருவிழா பேனரிலேயே பின்னணிக் கடைகளின் பெயர்ப் பலகைகளில் தமிழ் மாதிரி ஏதோ கிறுக்கியிருந்தது. படித்தால் ஒரு எழுத்தும் தேறவில்லை.

நல்ல எழுத்துரு இல்லை என்று இனியும் சொல்ல முடியாது. கட்டுமரம் (Catamaran), முக்தா மலர், பலூ தம்பி போன்றவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டுமரத்தில் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது எடைகள் உண்டு. போல்டு பொத்தானைத் தொடவே வேண்டாம். அப்படியும் நிலைமை மாறாததற்குக் காரணம் கூலி. பிளெக்ஸ் கடையில் சதுர அடிக்கு இவ்வளவு என்று அச்சுக்குத்தான் காசு, டிசைன் இலவசம். வாடிக்கையாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவசரப்படுத்தும்போது, இலவசமாகச் செய்கிற பையன் கொம்பையும் காலையும் எப்படிப் பார்ப்பான்? அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய பட்ஜெட் வைத்திருக்கும் ஏஜென்சிகளுக்கு இந்தச் சாக்கு கிடையாது. அவர்கள் தமிழ் விளம்பரத்தைத் தமிழ் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும், தமிழ் எழுத்து வடிவம் தெரிந்தவருக்கு அதற்கென்று தனியாகச் சம்பளம் தர வேண்டும்.

1850இல் தொடங்கிய சென்னை கவின்கலைக் கல்லூரியிலும் கும்பகோணம் கல்லூரியிலும் சுவர் எழுதும் ஆர்ட்டிஸ்ட்களை அழைத்து வகுப்பு எடுக்க வைக்கலாம். டெல்லியில் பணியாற்றிய கலைஞர் ஹனீப் குரேஷி, தெருப் பெயின்டர்களின் எழுத்தை எழுத்துருவாக மாற்றி, ‘பெயின்டர் கஃபீல்’ என்பதுபோல எழுதியவரின் பெயரையே அதற்கு வைத்தார். 2024இல் அவர் காலமாகிவிட்டார். தமிழ்ச் சுவர்களுக்கும் அப்படி ஒரு வேலை நடக்க வேண்டும், எழுதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே நடக்க வேண்டும்.

தங்கள் இதழில் மாதம் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்க முடியுமா? ஒரு சுவர், அதை எழுதியவரின் பெயர், அவர் சொல்லும் நாலு வார்த்தை போதும். கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் நான் எடுத்து வைத்திருக்கும் படங்களைத் தருகிறேன். எழுதியவர்களில் சிலர் இன்னும் அதே ஊர்களில்தான் இருக்கிறார்கள், விசாரித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அச்சகப் பக்க வடிவமைப்பாளர்,
விருதுநகர் மாவட்டம்.