கலிகாரிக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்: திரைப்படக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள திரைப்படக் கழக நண்பர்களுக்கு,

ஜெர்மன் மௌனப்படம் என்றாலே கலிகாரி, நோஸ்ஃபெராட்டு, மெட்ரோபோலிஸ். விட்டால் மறுபடியும் கலிகாரி. நல்ல படங்கள்தான், யார் இல்லை என்றார்கள். ஆனால் பேயும் கோணல் சுவரும் இல்லாத ஒரு படத்தையும் போடுங்களேன்: ஈ. ஏ. டூபோன் 1923-இல் எடுத்த ‘பழைய சட்டம்’.

கதை நடப்பது 1860-களில். யூதச் சிற்றூர் ஒன்றில் ரபியின், அதாவது யூத மதகுருவின், மகன் பாரூக்குக்கு நாடகப் பித்து. கூத்தாடுவதா என்று அப்பா கொதிக்க, பையன் வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் ஊராகப் போகும் ஒரு குழுவில் ரோமியோ வேடம் கட்டுகிறான். அங்கே ஆஸ்திரிய அரச குடும்பத்து எலிசபெத் தெரேசியாவின் கண்ணில் பட, அவள் தயவில் வியன்னாவின் பர்க் தியேட்டரில் இடம் கிடைக்கிறது. அப்புறம் வருகிறது சோதனை. யூதர்கள் உண்ணாமல் பிரார்த்தனையில் கழிக்கும் யோம் கிப்பூர் நாளில் அவன் ஹாம்லெட்டாக மேடையேற வேண்டும். விடுப்பு கேட்கிறான், கிடைக்கவில்லை. ஊரில் ஜெப ஆலயத்தில் அப்பா, இங்கே ஒப்பனை அறையில் மகன். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார் டூபோன். அப்பா சொல்வதும் நியாயம், மகன் செய்வதும் நியாயம் என்று நம்மைத் தவிக்க விடுகிறார்.

இதை அப்பா மகன் கதை என்று மட்டும் அறிமுகப்படுத்திவிடாதீர்கள். பாரூக்காவது தன் கட்டுப்பாட்டை உடைத்துக்கொண்டு வந்துவிட்டான், எலிசபெத் தெரேசியாவால் அதுகூட முடியாது. அரண்மனை ஆசாரம் குறுக்கே நிற்க, காதலைச் சொல்லாமலே விலகுகிறாள். அந்த வேடத்தில் ஹென்னி போர்ட்டன், அன்றைக்கு ஜெர்மனியின் பெரிய நட்சத்திரம். அவருடைய கணவர் யூத வம்சாவளி மருத்துவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் அவரை விவாகரத்து செய்ய ஹென்னி மறுத்தார், அதனாலேயே ஹென்னிக்குப் பட வாய்ப்புகள் அருகிப்போயின. படத்தில் விட்டுக்கொடுத்தவர், வாழ்க்கையில் விட்டுக்கொடுக்கவில்லை.

படம் வெளியான தேதி 1923 அக்டோபர் 29. ஒரே வாரத்தில், பணவீக்கம் தலைவிரித்தாடிய பெர்லினில், கிழக்கிலிருந்து வந்த யூதர்கள் வாழ்ந்த ஷொய்னென்ஃபீர்ட்டல் பகுதியில் கும்பல் புகுந்து கடைகளைச் சூறையாடியது. தாடி வைத்தவர்களைத் தேடித்தேடி அடித்தது. அப்படிப்பட்ட ஊரில்தான் தாடியும் காதோரச் சுருளுமாக ஒரு ரபி குடும்பத்தை இவ்வளவு மரியாதையாகத் திரையில் காட்டியிருக்கிறார்கள்.

மூல நெகட்டிவ் இப்போது இல்லை. பல நாடுகளில் கிடைத்த பிரதிகளை வைத்து டாய்ச்ச கினமாட்டெக் என்ற ஜெர்மன் திரைப்படக் காப்பகம் மீட்டெடுத்த வடிவம் 2018 பெர்லின் விழாவில் திரையிடப்பட்டது. இரண்டேகால் மணி நேரம் ஓடும். நேரமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். முடிந்தால் நேரடி இசையோடு போடுங்கள், முடியாவிட்டால் மீட்டெடுப்புக்கென்றே அமைத்த இசை இருக்கிறது. காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டைகளுக்குத் தமிழ் வேண்டுமென்றால் நான் செய்து தருகிறேன், சம்பளம் வேண்டாம். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பின்வரிசையில் உட்காரும் ஒரு ரசிகன்